வலென்சியாவில் அறை எடுக்குமுன் ஜன்னலைத் திறந்து பாருங்கள்

கேள்வி: செப்டம்பரில் பரிமாற்ற மாணவியாக ஸ்பெயினின் வலென்சியாவுக்குப் போகிறேன், ஜூன் வரை இருப்பேன். இணையத்தில் மலிவாக ஓர் அறை பார்த்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், 2 மாத முன்பணத்தை இப்போதே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? அப்புறம், வெயில் ஊர்தானே, குளிர் உடுப்பு எடுத்துப் போக வேண்டுமா?

பதில்: அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பார், சாவி தபாலில் வரும், பணம் மட்டும் முதலில் போய்விட வேண்டும் என்றால் அது வெளியூர் மாணவர்களைக் குறிவைத்து நடக்கும் பழைய மோசடி. 2 மாத முன்பணம் என்பதில் மட்டும் தப்பில்லை. ஸ்பெயின் வாடகைச் சட்டத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு 1 மாதம், மாணவர்களுக்குப் பெரும்பாலும் எழுதித் தரும் 'தெம்பொராதா' என்ற தற்காலிக ஒப்பந்தத்துக்கு 2 மாதம். ஆனால் அது அறையை நேரில் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு தரவேண்டிய பணம். முடிந்தால் ஆகஸ்ட் கடைசியிலேயே போய்விடுங்கள், ஒரு 10 நாள் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு தேடுங்கள்.

அறையை நேரில் பாருங்கள் என்பதற்கும் குளிர் உடுப்பு வேண்டும் என்பதற்கும் காரணம் ஒன்றுதான், வெயில் தெருவில் இருக்கிறது, வீட்டுக்குள் இல்லை. ஜனவரியில் பகலில் 16 டிகிரி வரை போகும், இரவில் 7 டிகிரிக்கு இறங்கும். கேட்க ஒன்றும் பயங்கரமாக இல்லை, சரி. ஆனால் மாணவர்களுக்குக் கிடைக்கிற பழைய அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் வெப்பமூட்டும் வசதி கிடையாது, தரை முழுக்க ஓடு, கடற்கரை ஊர் என்பதால் ஈரப்பதம் வேறு. அங்கே மாணவனாக இருந்த முதல் குளிர்காலத்தில் நான் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், மதியம் தெருவில் இறங்கியதும் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வேன். என் அறை 'இந்தேரியோர்', அதாவது ஜன்னல் தெருவைப் பார்க்காமல் கட்டடத்தின் நடுவே கிணறு மாதிரி இறங்கும் காற்றுவெளியைப் பார்க்கும். துணி மூன்று நாளானாலும் காயாது. டிசம்பரில் அலமாரியை நகர்த்தினால் பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை.

அதனால் விளம்பரத்தில் 'எக்ஸ்தேரியோர்', அதாவது ஜன்னல் வெளியே பார்க்கும் அறை என்று போட்டிருப்பதைத் தேடுங்கள், தெற்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் இன்னும் நல்லது. வாடகை கொஞ்சம் கூடும், கொடுங்கள். பார்க்கப் போகும்போது ஜன்னலின் சுருள் மறைப்பை மேலே இழுத்துப் பாருங்கள், அலமாரியின் பின்னால் எட்டிப் பாருங்கள், மின்கட்டணம் வாடகையில் சேர்த்தியா, அதற்கு வரம்பு உண்டா என்று கேளுங்கள். பல வீடுகளில் மின் இணைப்பு 3.45 கிலோவாட்தான். ஒருவர் 2000 வாட் ஹீட்டர் போட்டு, இன்னொருவர் அடுப்பறையில் மின்சார ஓவனைப் போட்டால் மொத்த வீடும் இருட்டாகிவிடும்.

உடுப்பு என்றால் ஒரு தடித்த ஜாக்கெட், கம்பளிக் காலுறை, வீட்டுக்குள் போட மூடிய செருப்பு போதும். போர்வையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பகுதி என்றால் எனக்குப் பிடித்தது பெனிமாக்லெட். ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்தது, சர்ச் சதுக்கத்தைச் சுற்றி இன்னும் தாழ்வான வீடுகள், பல்கலைக்கழகத்துக்கு டிராம் உண்டு, நடந்தும் போகலாம். பெருமழையை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் அந்த மாகாணத்தில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள், தெற்கே உள்ள ஊர்கள்தான் அதிகம் அடிவாங்கின. போனில் எச்சரிக்கை ஒலித்தால் வெளியே கிளம்பாதீர்கள், கீழ்த்தளத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் இறங்கவே கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் என்றால், 6 மாதத்துக்கு மேல் தங்குவதால் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் 'தியே' என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நகராட்சியில் உங்கள் முகவரியைப் பதிந்த சான்று கேட்பார்கள். இந்தப் பதிவுக்குச் சம்மதிக்காத வீட்டுக்காரர்கள் நிறையப் பேர், முன்பணம் கைமாறிய பிறகுதான் அதைச் சொல்வார்கள். அதனால் அறையைப் பார்க்கும்போதே, 'மே ப்வேதோ எம்பத்ரோனார் அக்கி?', இங்கே முகவரி பதிந்துகொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். இழுத்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.