சூரைச்செடியின் கீழே ஓர் அடை

கேள்வி:

எனக்கு வயது 46. களக்காடு பக்கம் ஒரு கிராமம். என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பீடி சுற்றுகிறேன். மகள் நர்ஸிங் இரண்டாம் வருடம். போன புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது. இந்த வருடம் எழுந்து நடந்துவிடுவார் என்று இருந்தேன். இன்னும் கட்டிலில்தான் இருக்கிறார். ஜெபக்குழு அக்கா ஒருவர், "வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு" என்கிறார். கம்மலை அடகு வைத்தாவது ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்க் காணிக்கை கொடு என்கிறார். எனக்கோ ஜெபிக்க வாயே வரவில்லை. கோயிலில் போய் உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. சாயங்காலமானால் அவர் பின்வாசலில் உட்கார வைக்கச் சொல்வார். அவர் நட்ட முருங்கை காற்றில் முறிந்து கிடக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் விடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா? நம்பிக்கையை எப்படி வளர்ப்பது?

– பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

விடியாமலே இருந்தால் தேவலை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயேதான் நிற்கிறேன். அந்த நினைப்பு மறுபடி வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவரிடம் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்த அதிகாரம் உங்களுக்கும் தெரிந்ததுதான். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கின அதே எலியா தீர்க்கதரிசி, கொஞ்ச நாளிலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். நீங்கள் எழுதியதும் அதுதான். தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. அவர் சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துக்கொண்டார். அந்தத் திரும்பப் படுத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தூதனும் விட்டுவிடுகிறான். இரண்டாம் தரம் எழுப்பி மறுபடியும் சாப்பாடுதான் தருகிறான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி.

அதனால் முதலில் கேட்கிறேன்: நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்? எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? அவருக்கு ஊட்டிவிட்டு, பீடிக் கணக்கை முடித்துவிட்டு, மிச்சம் மீதியை நின்றுகொண்டே விழுங்குகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடமாகச் சரியான தூக்கம் இல்லாத உடம்பில் ஜெபம் வறண்டுதான் போகும். இதற்குப் போய் ஆவிக்குரிய காரணம் தேடி உங்களையே வதைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அந்த அக்கா சொன்ன பாவ விஷயம். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்களே கேட்டார்கள். இரண்டுமில்லை என்று இயேசு சொன்னது யோவான் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களைப் போல நல்லவர்கள் இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் வினை. "எங்கேயோ நீ தப்பு பண்ணியிருப்பாய்" என்பதையே விதவிதமாகச் சொன்னார்கள். கடைசியில் தேவன் யார்மேல் கோபம் மூண்டது என்று சொன்னார் என்று 42ஆம் அதிகாரத்தில் பாருங்கள். புலம்பின யோபுவின்மேல் இல்லை. உங்கள் கணவருக்குப் பக்கவாதம் வரக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: நிறுத்திப்போட்ட பிரஷர் மாத்திரை. அதை இப்போது ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா? ஜெபிக்கிறோம் என்பதற்காக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

கம்மலை அடகு வைக்காதீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

சரி, அட்டைக்கு வருகிறேன். புத்தாண்டு ராத்திரி வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு அட்டையை எடுத்து, அதை வீட்டு அலமாரியில் ஒட்டிவைக்கிற பழக்கத்தில் வளர்ந்தவள்தான் நானும். நல்ல பழக்கம்தான். ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் இருப்பது கத்தரிபட்டுப் போகிறது. எரேமியா 29 என்பது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது 11ஆம் வசனம். அதற்கு நேர் மேலே 10ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பிப் பார்த்திருக்க முடியாது. இரண்டே வருடத்தில் திரும்பிவிடுவோம் என்று அனனியா என்கிற தீர்க்கதரிசி அதற்கு முந்தின அதிகாரத்தில் சொன்னான். ஜனங்களுக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும். அது பொய் என்று எரேமியா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இந்த வருடமே அவர் நடப்பார் என்று அந்த அட்டை சொல்லவில்லை சகோதரி. அப்படி நாம்தான் வாசித்தோம். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், நிறைவேறாத ஒரு வாக்கைத் தேவன்மேல் சுமத்திவிட்டு அவரோடு பேசாமல் இருப்பதைவிட, இது தேவலை என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் டோனாவூர். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் ஒரே அறையில்தான் கிடந்தார். அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று அவர் வளர்த்த பிள்ளைகள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அவர் எழுந்து நடக்கவில்லை. படுக்கையிலிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். தனக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். அவரிடம் போய், வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பீடி சுற்றுகிற வீட்டில் மட்டும் அது சுலபமாக வாயில் வந்துவிடுகிறது.

விசுவாசத்தை இழந்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். விசுவாசம், நம்பிக்கை என்று இரண்டு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். நம் வேதாகமத்தில் இரண்டும் வேறு வேறு. கத்தோலிக்கர்கள் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் இரண்டாவதற்கு "எதிர்நோக்கு" என்று போட்டிருப்பார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கும். நாளைக்கு என்று ஒன்று இருப்பதாகத் தலையைத் தூக்கிப் பார்ப்பது. உங்களுக்கு இப்போது தளர்ந்திருப்பது அதுதான். விசுவாசம் போனவர்கள் கோயிலில் உட்கார்ந்து அழ மாட்டார்கள், வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நீங்கள் இன்னும் போய் தேவன் முன்னால்தான் அழுகிறீர்கள். 13ஆம் சங்கீதத்தில் முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நாலு தரம் வருகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒரு வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிந்துபோகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வாய் வராத அன்று இந்த இரண்டில் ஒன்றைச் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். அது போதும்.

என் அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் எனக்கும் ஜெபம் நின்றுபோயிருந்தது. பத்து மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன், மற்றவர்கள் பாடுவார்கள், நான் சும்மா இருப்பேன். நான் பாடாததால் பாட்டு நின்றுவிடவில்லை. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாலு பேர் இயேசுவிடம் தூக்கிக்கொண்டு வந்த திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் விழுந்தவனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் அங்கே இருக்கிறது. படுக்கையில் கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அங்கே பாவமன்னிப்பும் வருகிறதே என்று உங்கள் அக்கா கேட்பார். வருகிறதுதான். ஆனால் இயேசு மன்னிப்பைக் கொடுத்தார். என்ன செய்தாய் என்று அவனை யாரும் விசாரிக்கவில்லை.

உங்களுக்கும் அந்த நாலு பேர் வேண்டும். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால், ஆமென் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படிப் போனவள்தான். அதனால் வேலையாகக் கேளுங்கள். உங்கள் சபைப் போதகரான சேகர ஐயரிடமோ அவர் மனைவி ஐயரம்மாவிடமோ போய், வாரத்தில் ஒரு மத்தியானம் அவரோடு யாராவது இரண்டு மணி நேரம் இருந்தால் நான் படுத்துத் தூங்குவேன் என்று சொல்லுங்கள். ஒருவர் ரேஷன் வாங்கிக் கொடுக்கட்டும். ஆட்டோக்காரத் தம்பிகள் அவருடைய பழைய கூட்டாளிகள்தானே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவரைக் கேளுங்கள். அப்புறம், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" பற்றி விசாரியுங்கள். 2021லிருந்து நடக்கிற அரசுத் திட்டம் அது. பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், நடமாட முடியாதவர்களுக்கு பிசியோதெரபியும் வீட்டில் வந்து செய்வார்கள். மகள் நர்ஸிங் படிக்கிறவள், அந்தப் பயிற்சிகளைப் பார்த்து வைத்துக்கொண்டால் லீவுக்கு வரும்போது அவளே செய்துவிடலாம். இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். முழுக்கக் குணமாகாவிட்டாலும், ஒருவர் பிடித்து எழுந்து நிற்கிற அளவுக்கு வந்தாலே உங்கள் முதுகுக்குப் பெரிய விடுதலை.

அட்டையைக் கிழித்துப்போட்டுவிட வேண்டாம், அலமாரியிலேயே இருக்கட்டும். ஆனால் அதன் ஓரத்தில் பென்சிலால் 29:5 என்று எழுதிவையுங்கள். சிறையிருப்பில் உள்ளவர்களுக்கு அந்தக் கடிதம் முதலில் சொல்கிற வேலை அதில்தான் இருக்கிறது: "தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்."

முறிந்த முருங்கையில் பச்சை இருக்கிற கொப்பாகப் பார்த்து, கைப் பருமனுக்கு ஒன்று வெட்டுங்கள். முருங்கைக்கு விதை வேண்டாம், கம்பே துளிர்த்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பின்வாசலில் அவர் உட்கார்ந்தால் கை எட்டுகிற இடத்தில் குழி தோண்டுங்கள். அவருடைய வலது கை நன்றாகத்தானே இருக்கிறது. கம்பை நீங்கள் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், மண்ணை அவர் தள்ளட்டும்.