ஹெர்க் ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? கொதிக்க வைத்தீர்களா என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி: இதயத்திலுள்ள ஹெர்க் பொட்டாசியம் சேனல் (செல் சவ்வில் பொட்டாசியம் போகும் வாசல்) புரதத்தைப் பார்க்க, அதில் ஒட்டும் ஆன்டிபாடி வாங்கினோம். ஹெர்க் பிளாஸ்மிட் (அந்தப் புரதத்தின் மரபணு உள்ள டிஎன்ஏ வளையம்) ஏற்றிய ஹெக் 293 செல்களை (லேபில் வளர்க்கும் மனிதச் செல்கள்) மறுநாளே எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் சோதனை) செய்தேன். 135 கிலோடால்டனில் (புரதத்தின் எடை அளவு) ஒரு பட்டை, 155-இல் மங்கலாக ஏதோ, ஜெல்லின் உச்சியில் ஒரு தீற்றல். டேட்டாஷீட் படத்தில் இரண்டு பட்டைகளும் பளிச்சென்று இருக்கின்றன. சரக்கு கெட்டுவிட்டது, வேறு கம்பெனியுடையதை எடுங்கள் என்கிறார் டீலர். எடுக்கலாமா? — ஆய்வு மாணவி

பதில்: எடுக்காதீர்கள். 135-இல் பட்டை விழுகிறதென்றால் ஆன்டிபாடிக்கு உயிர் இருக்கிறது. உங்கள் பிளாட் ஏதோ சொல்கிறது, டீலர் அதைக் கேட்கவிடவில்லை.

இரண்டு பட்டைகளும் ஒரே புரதம்தான். செல்லுக்குள் புதிதாகத் தயாராகி, கொஞ்சம் சர்க்கரை மட்டும் ஒட்டியிருக்கும் நிலை 135. செல்லுக்குள் புரதத்தைப் பக்குவப்படுத்தும் கோல்ஜி வழியாகப் போய்ச் சர்க்கரை வளர்ந்து, செல்லின் மேற்பரப்புக்குக் கிளம்பிவிட்ட நிலை 155. பிளாஸ்மிட் ஏற்றி 24 மணி நேரத்தில் செல்லை எடுத்தால் பாதிச் சரக்கு இன்னும் சமையலறையிலேயே கிடக்கும். 48 மணி நேரம் விடுங்கள்.

அடுத்தது அந்தத் தீற்றல். 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தீர்கள், இல்லையா? எல்லா லேபிலும் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் அப்படித்தான் இருக்கிறது. கரையும் புரதங்களுக்கு எழுதிய தாள் அது. ஹெர்க் ஆறு முறை சவ்வைத் துளைத்து நிற்கும் எண்ணெய்ப் பசையான புரதம். கொதித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி ஜெல்லுக்குள் இறங்க மறுக்கும். சாம்பிளை 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள், போதும். புரதத்தை அறுக்கும் நொதிகளை அடக்கும் புரோட்டியேஸ் தடுப்பானை மறக்காதீர்கள். மெம்பிரேனுக்கு மாற்றும் நேரத்தையும் சுருக்காதீர்கள், பெரிய புரதம் மெதுவாகத்தான் நகரும்.

பிளாஸ்மிட் ஏற்றாத வெறும் ஹெக் செல்லைப் ஜெல்லின் பக்கத்துக் குழியில் ஓட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கேயும் 135-இல் பட்டை வந்தால் மேலே நான் சொன்னது எல்லாம் வீண். வராவிட்டால் வழக்கு முடிந்தது. இதை விட்டுவிட்டு பிளாக்கிங் பெப்டைடு (ஆன்டிபாடி ஒட்டும் சிறு புரதத் துண்டு) வாங்கச் சொல்வார்கள், அதற்கும் தனியாகக் காசு. பெப்டைடு போட்டால் பட்டை மறைவது ஆன்டிபாடி அந்தப் பெப்டைடில் ஒட்டுகிறது என்பதை மட்டுமே காட்டும். தப்பான புரதத்தில் ஒட்டியிருந்தாலும் அதே மாதிரிதான் மறையும்.

டீலர் காட்டும் "வேறு கம்பெனி" பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் தயாரான ஆன்டிபாடியை இரண்டு மூன்று லேபிள் ஒட்டி விற்பது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. எந்த விலங்கில் எடுத்தது, குளோன் எண் (எந்தச் செல் வரிசையில் தயாரானது என்ற அடையாளம்) என்ன, ஹெர்க்கின் எந்தப் பகுதிக்கு எதிராக எடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். இப்போதுள்ளதோடு மூன்றும் ஒத்துப்போனால் அதே சரக்குக்கு இரண்டாவது முறை பணம் கட்டப் போகிறீர்கள். லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) இல்லாத குப்பியை வாங்கவே கூடாது. உருகிப்போன ஐஸ் பேக்கோடு வந்த பெட்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டபின் டீலர் போனை எடுக்க மாட்டார்.

உங்களையும் குறை சொல்ல முடியாது. மூன்று கொட்டேஷன், அதில் குறைந்த விலை, ஒப்புதலுக்கு மூன்று மாதம், பிறகு மார்ச் 31-க்குள் செலவு செய் என்று விரட்டல். ஆன்டிபாடியை நாற்காலி வாங்குவதுபோல வாங்கினால் நாற்காலி மாதிரிதான் வேலை செய்யும். குறைந்த விலைக்குப் பதில் குறிப்பிட்ட குளோன்தான் வேண்டும் என்று காரணம் எழுதிக் கேட்கலாம். பல வழிகாட்டிகள் அந்தக் கடிதத்தை எழுதச் சோம்பல்படுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்ததா என்று உயிருள்ள செல்லிலேயே பார்க்க வேண்டுமானால் வேறு ஆன்டிபாடி தேவைப்படலாம். ஹெர்க்கின் இரண்டு முனைகளும் செல்லுக்குள்ளே இருக்கின்றன. வால் முனைக்கு எதிராக எடுத்த ஆன்டிபாடி பிளாட்டில் அழகாக வேலை செய்யும். முழுசாக உள்ள செல்லின் வெளியே நின்றுகொண்டு எதையும் பார்க்காது. அதற்கு வெளிப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு வளையத்துக்கு எதிராக எடுத்தது வேண்டும். அதை வாங்கிவிட்டு வழக்கம்போல டிடர்ஜென்ட் போட்டுச் செல்லைத் துளைத்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து ஒளிரும், வாங்கிய காரணமே போய்விடும். செல்லை ஐஸில் வைத்து, துளைக்காமல் செய்ய வேண்டும். செத்த செல் தானாகவே ஓட்டையாகிவிடுவதால், சாவைக் காட்டும் சாயமும் போட்டு அவற்றைக் கணக்கிலிருந்து தள்ளுங்கள். இதைச் செய்யாமல் "மேற்பரப்பில் கண்டோம்" என்று வந்த போஸ்டர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. கொதிக்க வைக்காத சாம்பிள், 48 மணி நேரச் செல், பக்கத்தில் வெறும் ஹெக் செல். இதை ஓட்டிவிட்டு எழுதுங்கள். 155 அப்போதும் வரவில்லை என்றால் பிளாஸ்மிட்டின் டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்துப் பாருங்கள்: ஒரு எழுத்து மாறினாலே இந்தச் சேனல் மேற்பரப்புக்குப் போகாமல் உள்ளே மாட்டிக்கொள்ளலாம், இரண்டாம் வகை நீள் கியூடி நோயில் (இதயத் துடிப்பு தாறுமாறாகக்கூடிய பரம்பரை நோய்) நடப்பது பெரும்பாலும் அதுதான்.