தொழில் மேசை: ஏசி சர்வீஸ் கம்பெனிக்கு எந்த சாஃப்ட்வேர்?

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கார்:

"வணக்கமுங்க அக்கா. நான் ஏசி சர்வீஸ் கம்பெனி வெச்சிருக்கறேன். டெக்னீஷியன் ஆறு பேரு, ஹெல்பர் மூணு பேரு. வீடுங்க, திருப்பூர் பனியன் கம்பெனிங்க, ரெண்டு ஆஸ்பத்திரி பார்க்கறோம். கம்ப்ளைன்ட்டை நோட்டுல எழுதி வாட்ஸ்அப் குரூப்புல போட்டு ஓட்டிட்டு இருக்கறோம். வெயில் காலம் வந்தா பாதி தவறிப் போயிருது. ஏஎம்சி (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட்) விசிட்டும் மறந்துபோகுது. இப்ப ஒரு அமெரிக்க சாஃப்ட்வேர் டெமோ பார்த்தேனுங்க. பசங்க எந்த ரோட்டுல போறாங்கன்னு மேப்புல தெரியுது. ஆளுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் டாலர்ல கட்டோணும். வாங்கலாமுங்களா?"

தம்பி, நானும் எங்க வீட்டுக்காரரும் கோயமுத்தூர்ல இதே தொழில்தான் பண்றோம். போன் எடுக்கறது, ஆள் அனுப்பறது, பில் போடறது மூணும் என் மேசை. அதனால என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். மேப்பைப் பார்த்து மயங்காதீங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியா கணக்கு வெக்கற சாஃப்ட்வேரா பார்த்து வாங்குங்க.

ஏன்னு சொல்றேன். பல்லடம் பக்கத்துல ஒரு பனியன் கம்பெனியிலிருந்து போன் வரும்: "ஆபீஸ் ஏசி கூலிங் இல்லீங்க." அங்க மெர்ச்சண்டைசர் ரூம், சாம்பிள் ரூம், சர்வர் ரூம், முதலாளி ரூம் எல்லாமே ஆபீஸ்தான். எந்த ஏசின்னு தெரியாம பையன் கிளம்பிப் போவான். போய்ப் பார்த்தா அவுட்டோர் மூணாம் மாடிச் செவுத்துல தொங்கும். கையில ஏணி இருக்காது. வண்டியில இருக்கறது ஆர்-22 கேஸ் சிலிண்டர், மெஷினுக்கு வேண்டியது ஆர்-32 கேஸ். அரை நாள் போயிரும், பெட்ரோலும் போயிரும்.

எங்க கஸ்டமர் ஒவ்வொருத்தர் இண்டோர்லயும் ஒரு ஸ்டிக்கர் நம்பர் ஒட்டியிருக்கறோம். போன்ல அந்த நம்பரைக் கேட்டுத் தட்டினா மெஷினோட ஜாதகமே வந்துரும்: ஒன்றரை டன், ஆர்-32, எந்த வருஷம் மாட்டினது, அவுட்டோர் எங்க இருக்கு, கம்ப்ரஸர் வாரன்டி எப்ப முடியுது, போன தடவை மாத்தின கப்பாசிட்டர். அதுல ஒரே வருஷத்துல ரெண்டு தடவை கேஸ் சார்ஜ்னு தெரிஞ்சா, மூணாவது தடவை கேஸ் அடிக்க ஆள் அனுப்ப மாட்டேன். மூடின குழாய்க்குள்ளயே சுத்தற கேஸ் தானா குறையாது. குறையுதுன்னா எங்கயோ லீக். நைட்ரஜன் சிலிண்டர், குழாயை ஒட்டற பிரேசிங் செட்டு, வேக்யூம் பம்ப்போட சீனியரை அனுப்புவேன். கஸ்டமருக்கும் காரணத்தைச் சொல்லி ரேட் பேச முடியும்.

அதனால டெமோவுல முதல் கேள்வியா இதைக் கேளுங்க: "ஒரே கஸ்டமர், ரெண்டு பில்டிங், நாப்பது ஏசி. இதை எப்படி ஏத்துவீங்க? ஒரு மெஷினோட பழைய வேலை எல்லாத்தையும் ஒரே பக்கத்துல காட்டுங்க." கஸ்டமர் பேருக்குக் கீழ எல்லா வேலையையும் குவிச்சு வெக்கற சாஃப்ட்வேர் வீட்டு ஏசிக்குப் போதும். பனியன் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆகாது.

அடுத்தது ஏஎம்சி. வீட்டுக்கு வருஷத்துக்கு மூணு நாலு விசிட் போதும். நிட்டிங் ஓடற இடத்துல பஞ்சு பறந்து ஃபில்டர்லயும் காயில்லயும் ஒட்டிக்கும். அங்க மாசாமாசம் பார்க்கோணும். ஆக ஒரே கான்ட்ராக்டுக்குள்ளயே மெஷினுக்கு ஒரு இடைவெளி வெக்க முடியணும். அந்தந்தத் தேதிக்கு ஜாப் தானா விழணும். வீடுகளோட வெட் சர்வீஸை (தண்ணி அடிச்சுக் கழுவறது) எல்லாம் ஜனவரி, பிப்ரவரியிலயே முடிக்கற மாதிரி தேதி போடுங்க. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் பிரேக்டவுனுக்கே ஆள் பத்தாது.

துணி டெஸ்டிங் லேப் ஏதாவது உங்க கையில இருந்தா இன்னொண்ணும் பாருங்க. ஐ.எஸ்.ஓ. 139 கணக்குப்படி அங்க 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் இருக்கணும். வெப்பத்துக்கு ரெண்டு டிகிரி, ஈரப்பதத்துக்கு நாலு சதவீதம் ஏற இறங்கலாம். ஆடிட்டர் வந்தா சர்வீஸ் ரிப்போர்ட்டைக் கேப்பாங்க. ரிப்போர்ட்டுல நம்ம இஷ்டத்துக்குக் கட்டம் சேர்த்து ரீடிங் எழுத வசதி இல்லைன்னா அந்த லேப்புக்கு மறுபடி பேப்பர்தான்.

நீங்க பார்த்த அமெரிக்க சாஃப்ட்வேர் எதுன்னு எழுதலை. சர்வீஸ்டைட்டன், ஹவுஸ்கால் ப்ரோ அமெரிக்காக்காரங்களுது; ஜாபர் கனடா. நல்ல சாமான்தான், ஆனா அந்த ஊர் வரி, அந்த ஊர் கார்டு வசூலை வெச்சுக் கட்டினது. பில்லைப் பெரும்பாலும் குவிக்புக்ஸ்ங்கற கணக்கு சாஃப்ட்வேருக்கு அனுப்பும். குவிக்புக்ஸ் 2023-லேயே இந்தியாவுல கடையை மூடிட்டுது. நமக்கு சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. பிரிச்சு, எச்.எஸ்.என். (பொருள் வகை) நம்பரோட பில் வேணும், அது டேலிக்குப் போகணும். புது ஏசிக்கு 28 சதவீதமா இருந்த வரி 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 ஆச்சு. அந்த மாதிரி மாறும்போது நாமளே மாத்திக்கற மாதிரி இருக்கணும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு நேரா டாலர்ல கட்டினா, ஜி.எஸ்.டி.யில பதிவு பண்ணின நீங்க ரிவர்ஸ் சார்ஜில (விக்கறவங்களுக்குப் பதிலா வாங்கறவங்களே வரி கட்டற முறை) 18 சதவீதம் கட்டோணும். கிரெடிட் எடுத்துக்கலாம், ஆனா மொதல்ல கையிலிருந்து போகும். உங்க ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. நம்ம ஊர்க்காரங்க ஜோஹோவும் இதுக்குன்னு எஃப்.எஸ்.எம். (ஃபீல்ட் சர்வீஸ் மேனேஜ்மென்ட்)னு ஒண்ணு வெச்சிருக்காங்க. நம்ம ஊருதுங்கறதுக்காக அப்படியே வாங்கிடாதீங்க. அதையும் இதே கேள்விகளோட பாருங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ட்ரையல் எடுங்க. டெமோ பார்க்கறது நீங்க. தினமும் கையில வெச்சுத் தட்டப்போறது பசங்க. போன் பழக்கம் ரொம்பக் கம்மியா இருக்கற ஒரு பெரியவரையும், தமிழ் படிக்கத் தெரியாத ஒரு வடக்கத்திப் பையனையும் ட்ரையல்ல சேருங்க. இப்ப நம்ம பக்கம் பீகார், ஒடிசாப் பசங்க இல்லாத கம்பெனி ஏது? ஆப் தமிழ்லயும் இந்தியிலயும் வருதான்னு பாருங்க. கையெல்லாம் கிரீஸோட, ஏணியிலிருந்து எறங்கின கையோட, போட்டோ எடுத்து, மாத்தின பார்ட்டைத் தட்டி, கையெழுத்து வாங்கி, யூ.பி.ஐ. க்யூ.ஆர். காட்டி ஒரு ஜாப்பை அவங்க மூடறதைப் பக்கத்துல நின்னு பாருங்க. எங்க தடுமாறறாங்களோ அங்கதான் நாளைக்கு உங்க டேட்டா ஓட்டையாகும்.

மேப் விஷயம். ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ. ஏசி நின்னா பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பார்க்க ஜி.பி.எஸ். உதவும், மறுக்கலை. ஆனா டீக்கடையில எத்தனை நிமிஷம் நின்னான்னு பார்க்கத்தான் வாங்கறீங்கன்னு பசங்களுக்குத் தெரிஞ்சா நல்ல டெக்னீஷியன் ஒருத்தன் அடுத்த கம்பெனிக்குப் போயிருவான். பிரேசிங் நல்லாப் பண்ற கை கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். டூட்டி நேரத்துல மட்டும் ஓடும்னு முன்கூட்டியே சொல்லிட்டுப் போடுங்க.

கடைசியா, "நான் நிறுத்திக்கிட்டா என் டேட்டாவை போட்டோவோட சேர்த்து எடுத்துக்க முடியுமா?"ன்னு கேட்டு, டெமோவுலயே எக்செல்லுக்கு எறக்கிக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்னு மழுப்பினா அந்தக் கம்பெனி வேண்டாம்.

இதுக்கெல்லாம் முந்தி ஒரு வேலை இருக்கு. எக்செல்ல மெஷின் லிஸ்டை இந்த வாரமே ஆரம்பிங்க. அடுத்த விசிட்டுலிருந்து ஹெல்பர் கையில ஸ்டிக்கர் கொடுத்துவிடுங்க. எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் இந்த லிஸ்ட் அப்படியே ஏறும். இன்னொரு லாபமும் இருக்கு: ஓசோன் படலத்தைக் காக்கற மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2030-க்குள்ள ஆர்-22 உபயோகத்தை இந்தியா ஏறக்குறைய நிறுத்தியாகணும். யார் வீட்டுல, எந்தக் கம்பெனியில ஆர்-22 மெஷின் இன்னும் ஓடுதுன்னு லிஸ்ட்டே சொல்லிரும். புது மெஷின் கொட்டேஷனை அவங்களுக்கு நீங்க முதல்ல கொடுக்கலாம்.

*

பொள்ளாச்சி வாசகர் கேட்கறார்: "வால்பாறை எஸ்டேட் பங்களாக்களுக்கு வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ் சர்வீஸ் போறோம். மேல சிக்னலே இல்லீங்க. ஆப் வேலை செய்யுமா?"

"ஆஃப்லைன்ல ஓடும்"னு எல்லாருமே சொல்வாங்கண்ணா. ஆபீஸ்லயே சோதிச்சுப் பாருங்க. போனை ஏரோபிளேன் மோடுல போட்டு ஒரு ஜாப்பைத் திறந்து, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி மூடுங்க. போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்புறம் நெட்டைப் போட்டா போட்டோ உள்பட எல்லாம் வந்து சேரணும். வேலை முடிஞ்ச நேரமா நீங்க மூடின நேரம் நிக்கணும். சில ஆப்புல முன்னாடியே திறந்து வெச்ச ஜாப் மட்டும்தான் ஆஃப்லைன்ல தெரியும். அப்படின்னா ஆழியார் தாண்டறதுக்கு முன்னாடியே அன்னைக்கு ஜாப் எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டு மலை ஏறச் சொல்லுங்க.

*

கரூர் வாசகி: "வீட்டுக்காரரும் ஒரு ஹெல்பரும்தான் வேலைக்குப் போறாங்க. போன், கணக்கு நான் பார்த்துக்கறேன். எங்களுக்கும் சாஃப்ட்வேர் வேணுமா அக்கா?"

இப்போதைக்கு வேண்டாம்மா. வாட்ஸ்அப் பிசினஸ்ல கஸ்டமருக்கு லேபிள் போடுங்க: புதுசு, பார்ட் வரணும், பணம் பாக்கி. ஏஎம்சி தேதியை கூகுள் காலண்டர்ல போட்டு அவர் போனோட ஷேர் பண்ணிருங்க. மேல சொன்ன மெஷின் லிஸ்ட் மட்டும் கூகுள் ஷீட்ல கண்டிப்பா வேணும். மூணாவதா ஒரு டெக்னீஷியன் சேர்ந்து, யாரு எங்க போயிருக்காங்கன்னு உங்களுக்கே குழம்பற அன்னைக்கு மறுபடி எழுதுங்க.