தானே பாடி, தானே பின்பாட்டு

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஜேம்ஸ் காட்டன் என்ற அமெரிக்க ப்ளூஸ் (அங்குள்ள கறுப்பின மக்களின் பாட்டு வகை) பாடகரைப் பற்றி, தொண்டைப் புற்றுநோயில் குரல் போன பிறகும் இருபது வருடம் போல மௌத் ஆர்கனோடு மேடையேறினார் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த முறை முழுக்க அவற்றுக்கே.

ஐயா, எனக்கு 23 வயது. திருவிழா, கல்யாண வீடு என்று போகிற ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறேன், நடுவில் மௌத் ஆர்கனும் வாசிப்பேன். நீங்கள் எழுதிய காட்டன் வெறும் மௌத் ஆர்கனையும் பாட்டையும் வைத்து ஒரு ஆயுள் முழுக்க எப்படிப் பிழைத்தார்? வீட்டில் "ஊதுறதெல்லாம் ஒரு பொழப்பா" என்கிறார்கள். (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி, வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான், அதை ஒதுக்கிவிட்டுப் பேச வேண்டாம்.

காட்டன் 1935இல் மிசிசிப்பி மாநிலத்தில் டூனிகா என்ற ஊரில் பிறந்தவர், சுற்றிலும் பருத்திக் காடு. அவருடைய அம்மா மௌத் ஆர்கனில் கோழி கொக்கரிப்பதையும் ரயில் போவதையும் வாசித்துக் காட்டுவாராம். அந்தக் கருவி அவ்வளவுக்குத்தான் என்று நினைத்திருந்த பையனுக்கு ரேடியோவில் சன்னி பாய் வில்லியம்சன் என்ற மௌத் ஆர்கன்காரரின் வாசிப்பு கேட்கக் கிடைத்தது. பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் ஹெலினா ஊர் நிலையத்திலிருந்து 1941 முதல் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஒரு மாவுக் கம்பெனி விளம்பரத்தோடு வந்த நிகழ்ச்சி அது. ஒன்பது வயதில் வீட்டை விட்டு அவரிடமே போய்ச் சேர்ந்து, கூடவே சில வருடம் இருந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார் காட்டன். நம் ஊரில் வாத்தியார் வீட்டில் தங்கி கூத்து பழகுகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அப்புறம் சன்னி பாய் ஊரை விட்டுக் கிளம்பும்போது தன் குழுவை அப்படியே இந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குழுவில் இருந்தவர்கள் எல்லாம் வயதில் பெரியவர்கள், இவரோ விளையாட்டுப் புத்தி மாறாத வயது, கட்டிக் காக்க முடியாமல் குழு கலைந்தது. இதைக் காட்டனே பிற்பாடு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிறகு லாரி ஓட்டினார், கிடைத்த இடத்தில் வாசித்தார், மெம்ஃபிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸ் என்ற ரெக்கார்ட் கம்பெனியில் சில பாட்டு பதிவு செய்தார். ஆயுள் முழுக்க ஊதிப் பிழைத்தவர் என்கிறாயே, அவரும் ஒரு காலத்தில் பகல் வேலைக்குப் போனவர்தான். வீட்டில் கேட்டால் இதையும் சொல்.

1954 கடைசியில் சிகாகோவிலிருந்து வந்த மடி வாட்டர்ஸ் என்ற பெரிய ப்ளூஸ் பாடகர் இவரைத் தன் குழுவுக்குக் கூட்டிப் போனார். பன்னிரண்டு வருடம் போல அங்கே. பெரிய வாய்ப்புதான், ஆனால் அந்த இடத்தில் சில வருடம் முன்பு இருந்தவர் லிட்டில் வால்டர், அங்கேதான் சிக்கல். கைகளுக்குள் மைக்கையும் மௌத் ஆர்கனையும் சேர்த்துப் பொத்திப் பிடித்து, ஆம்ப்ளிஃபயர் வழியாக சாக்ஸஃபோன் போலக் கனத்த ஓசையை வரவழைத்து அந்தக் கருவியின் தலையெழுத்தையே மாற்றியவர் அவர். 1952இல் அவர் வாசித்த 'ஜூக்' என்ற பாட்டில்லாத வெறும் வாசிப்பு, அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஹிட் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. காட்டன் மேடையில் நிற்கிறார், மடி வாட்டர்ஸ் கேட்பதோ வால்டர் ரெக்கார்டில் வாசித்த அதே சுரங்களை. ரெக்கார்டிங் என்று வந்தால் கம்பெனி வால்டரையே கூப்பிடும். சேர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகி 1957இல்தான் காட்டனுக்கு மடி வாட்டர்ஸோடு முதல் ரெக்கார்டிங் கிடைத்தது. "நான் வால்டர் ஆக முடியாது, என் மாதிரி வாசிக்க விடுங்கள்" என்கிற பொருளில் மடியிடம் நேருக்கு நேர் பேசித்தான் தன் இடத்தைப் பிடித்திருக்கிறார். 1960இல் நியூபோர்ட் ஜாஸ் இசை விழாவில் மடியோடு வாசித்த பதிவைக் கேட்டால் அதில் ஒலிப்பது காட்டன்தான், வால்டர் இல்லை. 1966இல் சொந்தக் குழு. அதன் பிறகு மேடையில் குட்டிக்கரணம் அடித்தபடி நாடு நாடாகப் போனார்.

நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. மௌத் ஆர்கனை வாயில் வைத்தால் பாட முடியாது, பாடினால் வாசிக்க முடியாது. அதனால் ப்ளூஸ் பாடகர் ஒரு வரி பாடிவிட்டு, மூச்சை மாற்றி, அந்த வரிக்குக் கருவியில் பதில் சொல்கிறார். கூத்தில் வேஷக்காரர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள் இல்லையா, இவர் தானே பாடி தானே பின்பாட்டும் பாடுகிறவர். அடுத்தவருக்குப் பன்னிரண்டு வருடம் பின்பாட்டு வாசித்த பிறகுதான் காட்டனுக்குத் தன் பாட்டுக்குத் தானே பதில் சொல்கிற பக்குவம் வந்தது என்று நான் நம்புகிறேன். 90களின் நடுவில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் குரலைக் கொண்டுபோனபோது அவருக்கு மிஞ்சியதும் அந்தப் பின்பாட்டுதான். வேறொருவரைப் பாட வைத்து இவர் பதில் வாசித்தார். 1996இல் வந்த ஆல்பத்துக்கு அடுத்த வருடம் கிராமி விருது கிடைத்தது.

ஆகவே தம்பி, உன் ஆர்கெஸ்ட்ராவில் நீ பாடுகிற பாட்டுக்கு நடுவில் வாசிப்பது போதாது. மற்றவர் பாடும்போது உள்ளே புக அனுமதி கேள். அந்த அக்கா ஒரு வரி முடித்து மூச்சு வாங்குகிற அந்த இரண்டு விநாடி மட்டும் வாசி, அடுத்த வரி தொடங்கும் முன்னால் வாயை எடுத்துவிடு. ஒரு சீசன் முழுக்க அப்படி வாசித்துப் பார். பகல் வேலையை விடாதே.

நான் திருவிழாக் கடையில் வாங்கிய 24 துளை மௌத் ஆர்கன் வைத்திருக்கிறேன். யூடியூபில் வருவது போல அந்த அழுகிற சத்தம் எவ்வளவு மூச்சு கொடுத்தாலும் வரவில்லை. என் நுரையீரல் போதாதா? (கிருஷ்ணகிரி)

உங்கள் நுரையீரலில் குறை இல்லை, கருவிதான் வேறு. உங்களிடம் இருப்பது ட்ரெமலோ வகை. ஒரே சுரத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு நாக்கு (மூச்சுக் காற்றில் அதிரும் மெல்லிய தகடு) வைத்து, ஒன்றை மட்டும் கொஞ்சம் சுருதி விலக்கியிருப்பார்கள், அதனால்தான் அந்த அலை அலையான ஓசை. சினிமாப் பாட்டுக்கு அருமையாக இருக்கும். ப்ளூஸுக்கு வேண்டியது பத்துத் துளை டயட்டானிக். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊதும் நாக்கு ஒன்று, உள்ளிழுக்கும் நாக்கு ஒன்று, ஆக இருபது பித்தளை நாக்கு. ஜெர்மனியின் ட்ராசிங்கன் ஊரில் ஹோனர் கம்பெனி 1896இல் கொண்டுவந்த மரைன் பேண்ட் மாடலைத்தான் பழைய ப்ளூஸ்காரர்கள் பெரும்பாலும் வைத்திருந்தார்கள்.

அழுகிற சத்தம் வருவது இப்படி. சி சுருதிக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஜியை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது துளையில் உள்ளிழுத்தால் சா. மூன்றாவதில் உள்ளிழுத்தால் அந்தர காந்தாரம். அதே மூன்றாவது துளையில், மூச்சை நிறுத்தாமல், உங்கள் வாயிலுள்ள நாக்கின் பின்பகுதியைக் கொஞ்சம் மேலே தூக்கி வாய்க்குள் இடத்தைச் சுருக்குங்கள், "ஈ" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் "ஊ"வுக்கு மாறுகிற மாதிரி. சுரம் வழுக்கிக்கொண்டு சாதாரண காந்தாரத்துக்கு இறங்கும். ப்ளூஸ் பாட்டின் உயிர் இந்த இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, பியானோக் கட்டையில் அது இல்லை. நம் வித்வான்கள் கமகத்தில் தொட்டுவிட்டு வருகிற இடம் மாதிரி. இந்த வளைப்பு நடக்க ஒரே அறைக்குள் இரண்டு நாக்கும் இருக்க வேண்டும். உங்கள் கருவியில் ஒவ்வொரு நாக்குக்கும் தனி அறை, அதனால் அது வளையாது. பலமாக இழுத்தால் கருவியின் நாக்கு உடையும், அவ்வளவுதான் நடக்கும்.

இன்னொன்று, கிருஷ்ணகிரிக்காரர் என்பதால் சொல்கிறேன். மாம்பழ சீசனில் பழம் தின்ற வாயோடு வாசிக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி வாசித்து, மறுநாள் நாலாவது துளை ஊமையாகிப் போய், மேல் தகட்டின் திருகைக் கழற்றிப் பார்த்தால் பித்தளை நாக்கின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு நார், அதன் மேல் சர்க்கரை காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. வாய் கொப்பளித்துவிட்டு எடுங்கள்.

இதில் பெண்கள் யாருமே இல்லையா சார்? (காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

இருக்கிறார்கள் அம்மா. பிக் மாமா தார்ன்டன். 1926இல் அலபாமாவில் பிறந்து, பதினான்கு வயதிலேயே ஊர் ஊராகப் போகும் ஒரு கலைக்குழுவில் சேர்ந்து, மௌத் ஆர்கனும் டிரம்ஸும் யாரும் சொல்லித்தராமல் தானாகவே கற்றுக்கொண்டவர். 1953இல் அவர் பாடிய 'ஹவுண்ட் டாக்' என்ற பாட்டு ஏழு வாரம் அதே ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். மூன்று வருடம் கழித்து அதே பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாடி உலகமே அறிந்தது, தார்ன்டனுக்குக் கிடைத்ததோ 500 டாலர் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது இப்போதும் மனசு ஆறவில்லை. பாட்டு உன்னுடையது என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ராயல்டி யாருக்கு என்ற வரியைப் படித்துவிடு, உள்ளூர் யூடியூப் சேனலாக இருந்தாலும் சரி. தார்ன்டன் 1965இல் ஐரோப்பா முழுக்கப் போய் வாசித்த பதிவுகள் கிடைக்கின்றன, தேடிக் கேள்.

என் அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாகப் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறார். நாலு மாதமாகக் குரல் கரகரவென்று இருக்கிறது, சில நாள் சத்தமே வருவதில்லை. "சீசன் முடியட்டும்" என்கிறார். உங்கள் பத்தியில் அந்த அமெரிக்கக்காரர் கதையைப் படித்ததும் பயமாகிவிட்டது. (பென்னாகரம்)

சீசன் முடியும் வரை காத்திருக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தொண்டைக்குள் சின்னக் கேமராவை விட்டு குரல் நாணைப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. விடிய விடியக் கத்திப் பாடுகிறவர்களுக்குக் குரல் நாணில் காய்ப்புப் போலச் சின்ன முடிச்சு விழுவது சாதாரணமாக நடப்பது, அது புற்றுநோய் இல்லை, ஓய்வும் குரல் பயிற்சியும் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். சுக்குக் கஷாயம் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட வேண்டாம்.

துரியோதனன் வேஷத்துக்கு எப்பேர்ப்பட்ட குரல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடத்தூர் பக்கம் ஒரு கூத்தில், விடியற்காலை மூன்று மணிக்கு, தோளில் புஜக்கட்டை கட்டிய வேஷக்காரர் ஒருவர் தொண்டை அடைத்துப்போய் பாதி விருத்தத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்காரர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அந்த மீதி அடியை ஆர்மோனியத்திலேயே வாசித்து முடிக்க, முகவீணைக்காரர் அதை இழுத்துக்கொண்டு போக, வேஷக்காரர் அந்த மெட்டுக்கு ஒரு கிறுக்கி சுழன்று ஆடிவிட்டுத் திரும்பி வந்தபோது குரல் வந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை.

மருத்துவர் பாட வேண்டாம் என்று சொன்னால் அப்பா இடிந்துபோவார், அதற்கும் தயாராக இருங்கள். காட்டன் குரல் போன பிறகு வேலை செய்தது தன் மூச்சையும் காதையும் வைத்துத்தான். 2013இல் வந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டை மட்டும் அந்தக் கிழிந்த குரலிலேயே பாடினார், மற்ற பாட்டெல்லாம் மற்றவர்கள் பாட இவர் வாசித்தார். 2017 மார்ச்சில், 81 வயதில்தான் போனார். உங்கள் அப்பா மனதில் முப்பது வருடத்துப் பாட்டும் வசனமும் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாளம் மட்டும் போட்டபடி ஒரு பையனுக்கு எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் ஆஸ்பத்திரி. போய் வந்து எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

மாமா, நான் ஏழாவது படிக்கிறேன். தாத்தா பத்துத் துளை மௌத் ஆர்கன் வாங்கிக் கொடுத்தார். முதல்ல என்ன வாசிக்கணும்? (அரூர்)

ரயில் வாசி கண்ணு. அடுத்த முறை தாத்தாவோடு மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனால், வண்டி கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டு கேள். வீட்டுக்கு வந்து 1, 2, 3 துளைகளைச் சேர்த்து வாயில் வைத்து, இரண்டு முறை உள்ளிழு, இரண்டு முறை ஊது. முதலில் ரொம்ப மெதுவாக, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டு. கன்னத்தை உப்ப வைக்காதே, வயிற்றிலிருந்து மூச்சு விடு. வேகம் வந்த பிறகு ஹாரன் வேண்டுமே, அதற்கு 4, 5 துளைகளைச் சேர்த்து நீளமாக உள்ளிழுத்துக்கொண்டே, மூடியிருக்கும் கையை மெல்லத் திற. தலை சுற்றினால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடி.