தான்சானியாவுக்குத் தன்னார்வலராகப் போக நினைப்பவர்களுக்கு: நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

நான் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் பொறியாளர், சொந்த ஊர் விருதுநகர் பக்கம். தான்சானியாவின் வடக்கே, கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் இருக்கும் மோஷி, மேரு மலையடிவாரத்தில் இருக்கும் அருஷா பகுதிகளின் சின்ன மருத்துவமனைகளில் தன்னார்வலராக வேலை செய்திருக்கிறேன், இப்போதும் போய் வருகிறேன். கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கோவை, ஐடி வேலையில் இருப்பவர்: அக்கா, ஒரு ஏஜென்சி நாலு வாரத்துக்கு 1.8 லட்சம் கேட்கிறது, விமான டிக்கெட் தனி. சும்மா உழைக்கப் போகிறவன் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

காசு கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன் தம்பி. நீங்கள் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் யாரோ செலவு செய்தாக வேண்டும், அதைக் கையுறைக்கே திண்டாடும் ஒரு மருத்துவமனையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். இந்தப் பணத்தில் அந்த ஊருக்குப் போவது எவ்வளவு? அங்கே என் பொறுப்பாளர் யார், அவர் அந்த ஊர்க்காரரா? நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்? மூன்றாவதுக்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள். "எந்தத் தேதியிலும் வரலாம், எந்த அனுபவமும் தேவையில்லை" என்று விளம்பரம் போட்டிருந்தால், அங்கே உங்களை யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

காசு கட்டாமல் போக வழி இருக்கிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்திலும் அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. தேர்வானால் மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கான படி, பயணச் செலவு, காப்பீடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 18 முதல் 26 வயது வரை இளைஞர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு, அதற்கு மேல் வேலை அனுபவம் கேட்பார்கள். போட்டி கடுமைதான், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஐடி ஆளுக்கு அங்கே உண்மையாகவே வேலை இருக்கிறது: மருந்து இருப்புக் கணக்கு, நோயாளிப் பதிவேடு, ஆய்வகக் கணினிகள். சுவருக்கு வண்ணம் அடிக்க உங்களை அனுப்புவதாகச் சொன்னால் போகாதீர்கள். அந்த ஊரில் பெயிண்டர் இருக்கிறார், அவருக்குக் கூலி வேண்டும்.

தஞ்சாவூர், எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு: அங்கே போனால் பிரசவம் பார்க்க விடுவார்கள், தையல் போட விடுவார்கள், இங்கே கிடைக்காத அனுபவம் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

சில இடங்களில் விடுவார்கள் என்பது உண்மை. அதனாலேயே ரொம்ப அழுத்திச் சொல்கிறேன்: தஞ்சாவூரில் உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் மோஷியிலும் செய்யாதீர்கள். பிரசவத்துக்கு வந்த அம்மாவுக்கு நீங்கள் மாணவி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வெளிநாட்டில் இருந்து வந்த டாக்டர் என்று நம்பிக் கையைக் கொடுப்பார். ஏதாவது ஆனால் அவருக்குப் போய் முறையிட இடமில்லை, நீங்கள் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவீர்கள். அங்கே இருக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் அதே பிரசவங்களில்தான் கற்றுக்கொள்ள வேண்டும், அந்த ஊரில் காலம் முழுக்க வேலை செய்யப் போவது அவர்கள்.

போகவே கூடாது என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மோஷியில் கே.சி.எம்.சி. என்கிற பெரிய போதனா மருத்துவமனை இருக்கிறது. அந்த மாதிரி இடத்துக்கு உங்கள் கல்லூரி வழியாக முறையாக எழுதி, ஒரு மேற்பார்வையாளரின் கீழ், பார்த்துக் கற்றுக்கொள்ளும் மாணவியாகப் போங்கள். பார்ப்பதிலேயே அவ்வளவு இருக்கிறது.

மதுரை, கல்லூரி மாணவி: எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் இருந்து விளையாட்டு, பாட்டு சொல்லிக்கொடுக்க ஆசை.

வேண்டாம் கண்ணா. உன் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை, அது போய்ச் சேரும் இடம்தான் பிரச்சினை. இரண்டு வாரம் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு நீ கிளம்புவாய், அடுத்த வாரம் இன்னொரு அக்கா வருவாள், அவளும் போவாள். ஏற்கெனவே வீட்டைப் பிரிந்த குழந்தைக்கு அதே பிரிவை வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. அந்த இல்லங்களில் இருக்கிற எல்லோரும் அனாதைகள் இல்லை. கம்போடியாவில் 2011-இல் யுனிசெஃப் துணையோடு வெளியான ஆய்வில், இல்லக் குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். படிப்பு கிடைக்கும், சோறு கிடைக்கும் என்று வறுமையால் கொண்டுவந்து விடுகிறார்கள். சில நாடுகளில் தரகர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள், ஏனென்றால் குழந்தைகள் இருந்தால்தான் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வருவார்கள், பணமும் வரும். நேபாளத்தில் இது பெரிய பிரச்சினையாக வெடித்தது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைக் கடத்துவதையும் அந்தக் கணக்கில் வைத்துப் பேசினார்கள். 2019-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் இந்த வகைத் தன்னார்வப் பயணத்தால் வரும் தீங்கைத் தடுக்கச் சொன்னது.

குழந்தைகளுக்கு உதவியே ஆகவேண்டும் என்றால், பிள்ளைகளைக் குடும்பத்தோடு திரும்பச் சேர்க்கும் உள்ளூர் அமைப்புக்கு அந்த விமான டிக்கெட் பணத்தை அனுப்பு. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும்.

திருப்பூர்: சுற்றுலா விசாவில் போய் வேலை செய்தால் கண்டுபிடிப்பார்களா?

அப்படிப் போகாதீர்கள். தான்சானியாவில் சம்பளம் வாங்காத தன்னார்வப் பணிக்கும் அனுமதி வேண்டும். தன்னார்வலர்கள், மாணவர்கள், ஆய்வாளர்களுக்கு என்றே 'சி' வகை வசிப்பு அனுமதி இருக்கிறது. உங்களை அழைக்கும் அமைப்புதான் அதற்கான காகிதங்களைத் தர வேண்டும். "சுற்றுலா என்று சொல்லி உள்ளே வந்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு அமைப்பு சொன்னால் அது மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

சென்னை: என்னென்ன தடுப்பூசி? மலேரியா பயமாக இருக்கிறது.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். தான்சானியா மட்டும்தானே போகிறேன் என்று அலட்சியம் வேண்டாம், பக்கத்தில் கென்யா, உகாண்டா போய்விட்டுச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

மலேரியாவுக்குப் பயப்படுவது நல்லது. தமிழ்நாட்டில் வருவது பெரும்பாலும் விவாக்ஸ் என்கிற வகை, அங்கே ஃபால்சிபாரம் என்கிற வகை, அது சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். அடோவாகோன்-ப்ரோகுவானில், டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுவின் என்று தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன, எது உங்களுக்குச் சரி என்று மருத்துவர் சொல்லட்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். நிறையப் பேர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கொசுவலை கட்டாயம். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், டாக்டரிடம் முதல் வாக்கியமே "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும்.

சேலம்: சுத்த சைவம், தாக்குப்பிடிக்க முடியுமா?

தாராளமாக. சோறு, மஹராகே என்கிற பீன்ஸ் குழம்பு, ம்சிச்சா என்று தண்டுக்கீரைப் பொரியல், சப்பாத்தி (அங்கேயும் அதே பெயர்தான்), சோளமாவில் கிண்டும் உகாலி. உகாலியைக் களி மாதிரி கையால் உருட்டிக் கீரையோடு சாப்பிட வேண்டும், ராகிக்களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டு நாளில் பழகிவிடும். அந்த நாட்டு மொழியான சுவாஹிலியில் "சிலி ந்யாமா" என்று சொன்னால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம், ஆனால் மீனும் கோழியும் அதில் அடங்காது என்று நினைப்பவர்கள் உண்டு, அவற்றைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஓசூர்: ஆங்கிலம் போதுமா?

மருத்துவர்களோடு பேசப் போதும். செவிலியர், நோயாளி, பஸ் கண்டக்டர் எல்லோரோடும் சுவாஹிலிதான். குறைந்தது வணக்கம் சொல்லவாவது படித்துவிட்டுப் போங்கள். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகாமோ" சொல்ல வேண்டும், அவர்கள் "மரஹபா" என்பார்கள். அதைச் சொல்லாமல் நேராக வேலை விஷயத்துக்குப் போனால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள். நேரம் கேட்கும்போதும் கவனம்: சுவாஹிலியில் பகல் கணக்கு காலை ஆறு மணியில் இருந்து தொடங்குகிறது, காலை ஏழு மணியை ஒரு மணி என்பார்கள். "நாளை மூன்று மணிக்கு வா" என்று சுவாஹிலியில் சொன்னால் காலை ஒன்பதுக்குப் போய் நிற்க வேண்டும்.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கு 61 வயது, 34 வருஷம் ஆங்கிலம் கற்பித்தவன். நான் போனால் பயன் உண்டா அம்மா?

ஐயா, இந்தப் பட்டியலிலேயே அதிகம் பயன்படப் போகிறவர் நீங்கள்தான். தான்சானியாவில் அரசு ஆரம்பப் பள்ளி சுவாஹிலியில் நடக்கிறது, உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் சுவாஹிலிப் பாடம் தவிர கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலம். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் விழித்து நின்ற பிள்ளைகளை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! அங்கே அது பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே நடக்கிறது. அந்த அனுபவம் இருபது வயது ஐரோப்பியத் தன்னார்வலருக்கு வராது. ஆனால் வகுப்பில் நீங்கள் நின்று பாடம் எடுக்காதீர்கள். அங்குள்ள ஆசிரியர்களோடு உட்காருங்கள், பாடத்திட்டம், வினாத்தாள், இரண்டு மொழிக்கும் நடுவே பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்பதைப் பேசுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அவர்களிடம் அது இருக்கும். உடல்நிலை ஒத்துவராவிட்டால் ஐ.நா.வின் இணையவழித் தன்னார்வப் பணி இருக்கிறது, வீட்டில் இருந்தே செய்யலாம்.

யாழ்ப்பாணம்: இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஐ.நா. திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. அமெரிக்காவின் பீஸ் கோர் என்கிற தன்னார்வலர் திட்டம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான், ஐ.நா.வில் அப்படி இல்லை.

ஈரோடு: அப்பாவின் கிளினிக்கில் பழைய இ.சி.ஜி. இயந்திரமும் இரண்டு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் சும்மா கிடக்கின்றன. அனுப்பலாமா?

இதுதான் என் தொழில், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். நான் போன மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பின்பக்கம் ஒரு அறை உண்டு, நன்கொடையாக வந்து ஒருநாள்கூட ஓடாத கருவிகள் அடுக்கியிருக்கும். அமெரிக்காவில் இருந்து வந்த 110 வோல்ட் இன்குபேட்டரை 230 வோல்ட் பிளக்கில் சொருகியிருப்பார்கள், அத்தோடு முடிந்தது. இ.சி.ஜி. நன்றாக இருக்கும், அதற்கான காகிதச் சுருள் அந்த நாட்டிலேயே கிடைக்காது. கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். தூக்கிப்போடவும் மனசு வராது, தானம் செய்தவர் ஒருநாள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று வைத்திருப்பார்கள்.

இந்தியாவில் இருந்து போகும் கருவிக்கு ஒரு வசதி உண்டு, இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் மின்சாரம் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் அனுப்பவே கூடாது. கான்சென்ட்ரேட்டரில் முதலில் ஆக்சிஜன் அளவை அளந்து பாருங்கள், 90 சதவீதம்கூட வராவிட்டால் உள்ளே காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரிக்க உதவும் ஜியோலைட் துகள்கள் பெரும்பாலும் போய்விட்டன என்று பொருள், அதைச் சரிசெய்யாமல் அனுப்புவது குப்பையை அனுப்புவது. நன்றாக இருந்தால் கூடவே மாற்று ஃபில்டர்கள், ஈரப்பதக் குடுவை, குழாய்கள் வேண்டும். அந்த ஊர்ப் புழுதியில் ஃபில்டரை வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்று யாருக்காவது சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் மருத்துவ நன்கொடைக்கு வைத்திருக்கும் விதிகளில் இரண்டு எனக்கு வேதம். பெறுபவர் விரும்பியதை மட்டும் கொடு. உன் நாட்டில் ஏற்காத தரத்தை அவர்களுக்குக் கொடுக்காதே. அப்பாவின் கிளினிக்கில் இன்றைக்கு ஒரு நோயாளிக்கு அந்த இயந்திரத்தை நம்பி மாட்டுவாரா என்று அவரிடமே கேளுங்கள். மாட்டுவார் என்றால் மாடல் எண்ணோடு படம் எடுத்து அனுப்புங்கள், யாருக்காவது வேண்டுமா என்று அங்கே நான் விசாரிக்கிறேன்.

காரைக்குடி, ஒரு அம்மா: மகள் நர்சிங் முடித்து இரண்டு வருஷம் வேலை பார்த்தவள், ஆறு மாதம் அருஷா போகிறாள். பெண் பிள்ளை தனியாக, பாதுகாப்பா இருக்குமா?

ஆறு மாதம், கையில் தொழில் இருக்கிறது, சரியான ஆளைத்தான் அனுப்புகிறீர்கள் அம்மா. நானும் தனியாகப் போகிற பெண்தான். எல்லோரும் திருட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், என் பயம் எல்லாம் சாலையைப் பற்றியது. போடாபோடா என்கிற வாடகை பைக்கில் ஏறவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தவிர்க்க முடியாவிட்டால் ஹெல்மெட் தரும் தெரிந்த ஓட்டுநர் மட்டும். ராத்திரியில் ஊருக்கு ஊர் பஸ் பயணம் வேண்டாம். இருட்டிய பிறகு நடக்காமல், தங்குமிடத்தில் சொல்லித் தெரிந்த டாக்சியைக் கூப்பிடட்டும்.

காப்பீடு எடுக்கும்போது விமானத்தில் நோயாளியை ஏற்றிக்கொண்டுபோகும் செலவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நைரோபியில் இருந்து ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957-இல் இருந்து அந்தப் பகுதி முழுக்க இயங்குகிறது, பெரிய விபத்து என்றால் அந்த மாதிரி சேவையைத்தான் கூப்பிடுவார்கள், காப்பீடு இல்லாவிட்டால் செலவு தாங்காது. பாலிசி எண்ணையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஒன்று அவள் பையில், ஒன்று அங்கே பொறுப்பாளரிடம், ஒன்று உங்களிடம். கிளம்பும் முன் அந்தப் பொறுப்பாளரோடு நீங்களே ஒருமுறை வீடியோ காலில் பேசிவிடுங்கள். தயங்க வேண்டாம், அம்மா பேச வேண்டும் என்றால் அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.