கதிர்வீச்சு பட்டால் புழுவின் கற்றலும் நடத்தையும் ஏன் மாறுகின்றன?

திருநெல்வேலிப் பக்கம் கூடங்குளம் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வியும் வால்போல் வருகிறது. புழுவாவது, கற்பதாவது என்று சிரிக்க வேண்டாம். பட்டறிவால் நடத்தை மாறினால் அதுவே கற்றல்.

ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். நரம்புச் செல்கள் 302தான். இயல்பாக உப்பை நாடிச் செல்லும் இது, உப்பு உள்ள இடத்தில் பட்டினி கிடந்தால் பிறகு உப்பைத் தவிர்க்கிறது. பயிற்சியின்போது பெருமளவு காமாக் கதிர் பாய்ச்சினால் இந்த மாற்றம் நிகழும் விதம் பிறழ்கிறது. ஊர்வதும் மந்தமாகிறது.

வளர்ந்த புழுவின் நரம்புச் செல்கள் பிரிவதில்லை; அதனால் கதிர் பட்டதும் அவை செத்துவிழுவதில்லை. ஆனால் உடலில் பெரும்பங்கு தண்ணீர். கதிர் அதை உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வேதிப்பொருள்கள் பிறந்து, செல்களுக்கு இடையிலான செய்திப் போக்கைக் குலைப்பதாகக் கருதப்படுகிறது. கன்னடியன் கால்வாயில் கரை உடையாமலே மடைப்பலகை சிக்கிக்கொண்டால் வயலுக்கு முறைத்தண்ணீர் பிந்துமே, அப்படி.

புழுவுக்கு ஆனது அணுமின் நிலையத்தருகே வாழ்பவர்களுக்கும் ஆகும் என்பது தவறான கணக்கு: இச்சோதனைகளில் கொடுப்பது நூற்றுக்கணக்கான கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), மனிதருக்கோ, உடல் முழுவதும் ஒரே தடவையில் 4 முதல் 5 கிரே பட்டாலே, சிகிச்சை இல்லையென்றால் பாதிப்பேர் பிழைப்பதில்லை.