பாசிச் சாறு ஆலைக்காகச் சென்னைக்குப் போக வேண்டுமா?

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கரையில் மகளிர் குழுவாகக் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை வளர்க்கும் நீங்கள், காய்ந்த பாசியை வியாபாரியிடம் கொடுப்பதை விட்டுப் பயிர் ஊக்கியாக (பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருளாக) விற்கும் சாறு தயாரிக்க விரும்புவதாகவும், அதற்காகச் சென்னைக்கு இடம் மாற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

சாறு பச்சைப் பாசியைப் பிழிந்து எடுக்கப்படுவது. அறுத்த பாசியில் பெரும்பகுதி நீர் என்பதால், அதை லாரியில் தொலைவுக்கு ஏற்றுவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதாகும். ஆலை கரையோரம்தான் அமைய வேண்டும். பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து, உணவுப் பொருள்களைக் கெட்டியாக்கப் பயன்படும் காராஜீனனும் எடுக்கலாம். இம்முறையை உருவாக்கிய மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் மண்டபம் முகாமிலேயே இருப்பதால், தொழில்நுட்ப உரிமத்தை முதலில் அங்கே விசாரியுங்கள்.

உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. பிரதமரின் மீன்வளத் திட்டம் மகளிருக்கு அலகுச் செலவில் 60 சதவீதம் மானியம் தந்தாலும், அந்த உதவி பெரும்பாலும் பாசி வளர்க்கும் தெப்பத்தோடும் கயிற்றோடும் நின்றுவிடுகிறது. 2021 முதல் பயிர் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருவதால், ஆய்வகச் சான்றுகளுக்கும் கள ஆய்வுக்கும் தனியே பணம் தேவைப்படும். அதற்குத் தமிழக அரசின் புத்தொழில் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் வழங்கும் டான்சீட் என்ற தொடக்க நிதியை நாடலாம். ஆனால் குழுவை முதலில் நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அறுவடை தடைபடும் என்பதையும் கணக்கில் கொண்டே இயந்திரத்தின் கொள்ளளவை முடிவு செய்யுங்கள்.